சினை ஒட்டகத்தின் இரத்தம் சொல்லும் கணக்கு

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு புதிர்.

இரண்டு ஒட்டகங்கள். இரண்டின் இரத்தத்தையும் ஒரு கால்நடை மருத்துவர் சோதிக்கிறார். இரண்டிலும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது. முதல் ஒட்டகம் சினையில்லாதது. நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. இரண்டாவது ஒட்டகம் பதினோரு மாதச் சினை. அதன் உடலில் நீர் வற்றி, அது ஆபத்தை நெருங்கிக் கொண்டிருக்கிறது. எண் ஒன்றுதான், நிலைமையோ வேறு. இது எப்படி நேர்ந்தது?

இது நானாக அமைத்த புதிர்தான். ஆனால் இதில் உள்ள உண்மை கற்பனையன்று. "நீங்கள் இயற்பியல் ஆசிரியர் ஆயிற்றே, ஒட்டகத்தின் இரத்தத்தில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். செறிவு, பாய்வு, அழுத்தம், சமநிலை ஆகிய நான்கும் இயற்பியல் வகுப்பில் நாம் அன்றாடம் பேசுபவைதாமே? அந்த நான்கும் ஒட்டகத்தின் இரத்தக் குழாய்களுக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால், புதிர் தானாக அவிழ்ந்துவிடும்.

பதின்மூன்று மாதங்கள்

ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் சினைக் காலம் ஏறத்தாழ 13 மாதங்கள். பிறக்கும் கன்று 35 முதல் 40 கிலோ வரை எடையிருக்கும். பெரும்பாலும் ஒரே கன்றுதான். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள் ஆகிவிடுவது வழக்கம்.

இராஜஸ்தானத்தின் தார்ப் பாலைவனப் பகுதியை எடுத்துக் கொள்வோம். அங்கே ஒட்டகங்கள் குளிர்காலத்தில்தான் இணை சேருகின்றன. டிசம்பரில் சினை பிடித்தால், கன்று பிறப்பது ஓராண்டு கடந்து அடுத்த ஜனவரியில். அப்படியானால் தாய் ஒட்டகம் கடுங்கோடையைச் சினையின் நடுப்பகுதியில் கடக்கிறது. செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான கடைசிப் பகுதி, பருவமழைக்குப் பின் தழையும் புல்லும் கிடைக்கும் காலத்தில் வருகிறது. இயற்கை எவ்வளவு பொருத்தமாகக் கணக்கிட்டிருக்கிறது பாருங்கள்!

இந்தப் பொருத்தம் ஏன் வேண்டும்? கருவின் வளர்ச்சி எல்லா மாதங்களிலும் ஒரே சீராக நடப்பதில்லை. முதல் மாதங்களில் உறுப்புகள் உருவாகின்றன. எடை அதிகம் கூடுவதில்லை. எடையின் பெரும்பகுதி கடைசி மூன்றில் ஒரு பங்குக் காலத்தில்தான் சேர்கிறது. எலும்புகள் கெட்டிப்படுவதும் அப்போதுதான். ஆகவே தாயின் இரத்தத்தின் மீது விழும் சுமை, கடைசி மாதங்களில் வேகமாக ஏறுகிறது. அந்த மாதங்களில் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

வால் சொல்லும் செய்தி

இராஜஸ்தானத்தில் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்ப்பவர்கள் ரைக்கா எனப்படும் மக்கள். ஒரு பெண் ஒட்டகம் சினையா இல்லையா என்று அறிய அவர்களுக்குச் சோதனைச்சாலை தேவையில்லை. ஆண் ஒட்டகம் அருகில் வரும்போது சினை ஒட்டகம் உடலை விறைத்து, வாலை மேலே சுருட்டி உயர்த்தும். சினை பிடித்து ஏறத்தாழ இரண்டு வாரங்களிலேயே இந்த அறிகுறி தெரியத் தொடங்கிவிடும்.

இந்த அறிகுறிக்குப் பின்னால் இருப்பதும் இரத்த வேதியியல்தான். சினைப்பையில் உண்டாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்தத்தில் அது உயர்ந்திருக்கும் வரை கருப்பை அமைதியாக இருக்கும். ஒட்டகத்தில் இந்த வேலையைச் சினைக்காலம் முழுவதும் கார்பஸ் லூட்டியமே செய்கிறது. கடைசி வாரங்களில் ஈஸ்ட்ரோஜென் வகை ஹார்மோன்கள் ஏறுகின்றன. ஈனும் வேளை நெருங்கும்போது புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது. கன்று வெளியேறுவதற்கான பச்சைக்கொடி அது.

வாலைப் பார்த்துப் புரோஜெஸ்டிரோனை அறிந்துவிடலாம். மற்றப் பொருள்களுக்கு அப்படி வெளிப்படையான அறிகுறி இல்லை. அங்கேதான் ஊசியும் சோதனைக் குழாயும் தேவைப்படுகின்றன. சோதனைக் குழாய் தரும் எண்ணைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

செறிவு வேறு, மொத்த அளவு வேறு

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை. ஒரு குவளை நீரில் இரண்டு கரண்டி வெல்லம் கரையுங்கள். பிறகு அதில் பாதிக் குவளை நீரும் அரைக் கரண்டி வெல்லமும் சேருங்கள். இப்போது வெல்லம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? மொத்தத்தில் கூடியிருக்கிறது. ஆனால் நாக்கில் வைத்தால் இனிப்புக் குறைவாகத் தெரியும். நாக்கு அறிவது செறிவை. மொத்த அளவை அன்று. சோதனைச்சாலையும் நாக்கைப் போன்றதுதான்.

பாலூட்டிகளில் சினைக் காலத்தில் பிளாஸ்மா என்னும் இரத்த நீர்மம் பெருகுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் பிளாஸ்மா கூடும் அளவுக்குக் கூடுவதில்லை. இதனால் இரத்தம் சற்று நீர்த்துப் போகிறது. நீர்த்த இரத்தத்துக்குப் பாகுநிலை குறைவு. எண்ணெயைவிடத் தண்ணீர் எளிதாக ஓடுவதைப் போல, நுண்ணிய குழாய்கள் வழியே அது எளிதாக ஓடும். கருவுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் பாய்வு பெருக இது உதவுகிறது.

எளிய கணக்காகப் பார்ப்போம். ஓர் ஒட்டகத்துக்கு 40 லிட்டர் இரத்தமும், அதில் மொத்தம் 4800 கிராம் ஹீமோகுளோபினும் இருப்பதாகக் கொள்வோம். லிட்டருக்கு 120 கிராம். அதாவது 100 மில்லிலிட்டருக்கு 12 கிராம். அதே ஒட்டகம் சினையாகி, இரத்தம் 48 லிட்டராகவும் ஹீமோகுளோபின் 5280 கிராமாகவும் உயர்கின்றன. இப்போது லிட்டருக்கு 110 கிராம்; அதாவது 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம். அறிக்கையைப் பார்ப்பவர், "ஹீமோகுளோபின் குறைந்துவிட்டதே, இரத்தசோகையோ?" என்று ஐயுறுவார். உண்மையில் அந்தத் தாயின் உடலில் முன்னைவிட 480 கிராம் ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கிறது!

இந்த எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். புதிரின் விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதை எடுப்பதற்கு முன் வேறு சில பொருள்களையும் பார்த்துவிடுவோம்.

ஒரு நாளில் தீர்ந்துபோகும் கால்சியம்

கன்றின் எலும்பு கால்சியத்தால் ஆனது. பிறக்கும் கன்றின் எடை 36 கிலோ என்றும், கிலோவுக்கு 10 கிராம் கால்சியம் என்றும் உத்தேசமாகக் கொள்வோம். மொத்தம் 360 கிராம். அதில் முக்கால் பங்கு, அதாவது 270 கிராம், கடைசி 100 நாட்களில் சேர்வதாக வைத்தால், நாளொன்றுக்கு 2.7 கிராம்.

இது சிறிய அளவாகத் தோன்றலாம். தாயின் இரத்தத்தில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று பார்த்தால்தான் அதன் பெருமை தெரியும். மேலே சொன்ன 48 லிட்டர் இரத்தத்தில் பிளாஸ்மா ஏறத்தாழ 35 லிட்டர். 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 9 மில்லிகிராம் கால்சியம் என்றால், மொத்தம் 3 கிராமுக்குச் சற்று மேல். வயிற்றில் இருக்கும் கன்று ஒரே நாளில் எடுத்துக்கொள்வது, தாயின் பிளாஸ்மாவில் ஓடும் கால்சியம் முழுவதற்கும் கிட்டத்தட்டச் சமம்!

அப்படியானால் இரத்தம் ஏன் காலியாகிவிடவில்லை? உங்கள் பள்ளியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். காலை இடைவேளையில் எல்லாக் குழாய்களும் திறந்திருக்கும். தொட்டியின் நீர்மட்டம் சற்றே தாழ்கிறது, மிதவையும் தாழ்கிறது, மிதவையோடு இணைந்த அடைப்பான் திறந்து புதுநீர் உள்ளே பாய்கிறது. மட்டம் சற்றுத் தாழ்ந்தது பழுதன்று. அதுதான் அடைப்பானைத் திறக்கும் செய்தி. இரத்தத்தில் மிதவையின் வேலையைச் செய்வது, கழுத்துப் பகுதியில் உள்ள பாராதைராய்டு சுரப்பி. கால்சியம் சற்றுக் குறைந்தவுடன் அது தன் ஹார்மோனை விடுகிறது. எலும்புச் சேமிப்பிலிருந்து கால்சியம் இரத்தத்துக்கு வருகிறது. வைட்டமின் டி-யின் துணையோடு குடலும் உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சுகிறது.

சினையின் பிற்பகுதியில் ஒட்டகத்தின் இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பரசும் சற்றுத் தாழ்ந்து காணப்பட்டால் உடனே நோய் என்று சொல்லிவிட முடியாது; அது மிதவை வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம். உள்ளே வரும் குழாயில் நீரே இல்லையென்றால்தான் தொல்லை. கால்சியம் மிகுந்த தழைகளைத் தரும் மரங்களுள் ஒன்று, இராஜஸ்தானத்தார் 'கேஜ்ரி' என்று அழைக்கும் மரம். இது வேறெதுவும் அன்று. நம் ஊர்க் கோயில்களில் நாம் காணும் வன்னி மரமேதான்! கேஜ்ரியைப் போன்ற மரங்கள் இல்லாத வெற்று மேய்ச்சல் நிலத்தில், தாய் தன் எலும்பைக் கரைத்தே கன்றின் எலும்பைக் கட்ட வேண்டியிருக்கும்.

கன்று பிறந்தவுடன் சுமை குறைந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். ஒட்டகப் பாலில் லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே கால்சியம் உண்டு. நாளுக்கு ஐந்து லிட்டர் சுரந்தால், கரு எடுத்ததைப் போல இரு மடங்கு வெளியேறும்.

எரிபொருள்

கருவின் முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அது தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவின் இரத்தத்துக்குச் செல்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதைப் போல, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அது செல்லும். ஆகவே தாயின் குளுக்கோஸ் மட்டம் உயர்வாக இருப்பது கருவுக்கு நல்லது.

இதில் ஒட்டகம் தனிச்சிறப்புடையது. பசுவின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 40 முதல் 70 மில்லிகிராம் அளவில் குளுக்கோஸ் இருக்கும். ஒட்டகமும் அசைபோடும் விலங்குதான். ஆனால் அதன் இரத்தத்தில் குளுக்கோஸ் 100 மில்லிகிராமைச் சுற்றி நிற்கும். இது ஏறத்தாழ மனிதனின் அளவுக்கு ஒப்பானது.

தீவனம் போதாத போது திமிலில் உள்ள கொழுப்பு உருகி, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் வருகிறது. தாயின் தசைகள் அதை எரித்துக்கொண்டு, குளுக்கோஸைக் கருவுக்கு விட்டுக் கொடுக்கின்றன. இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் செம்மறியாட்டில் இந்த ஏற்பாடு சில வேளை எல்லை மீறிவிடும். கொழுப்பு எரிவதால் கீட்டோன் என்னும் பொருள்கள் இரத்தத்தில் பெருகி, ஆட்டைச் சாய்த்துவிடும். ஒட்டகத்தின் இரத்தத்தில் கீட்டோன்கள் குறைவாகவே காணப்படுகின்றன. இந்த நோயும் அதற்கு அரிது.

புரதத்துக்கும் ஒரு சிக்கன வழி உண்டு. புரதம் சிதையும்போது உண்டாகும் யூரியாவை நாம் சிறுநீரில் கழித்துவிடுகிறோம். புரதம் குறைந்த தீவனம் தின்னும் ஒட்டகமோ, அதில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தி, இரத்தத்தின் வழியே வயிற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைக் கொண்டு புதிய புரதம் செய்கின்றன. அந்த நுண்ணுயிரிகளை ஒட்டகம் செரித்துக்கொள்கிறது. கன்றின் தசையில் சேரும் நைட்ரஜனில் ஒரு பங்கு, இப்படிக் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கப்பட்டதாகவும் இருக்கக்கூடும்!

பிறக்கும் முன்பே சேரும் காவல்

மனிதக் குழந்தை பிறக்கும்போதே, தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் கொண்டிருக்கும். ஒட்டகக் கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் இடையே நஞ்சுக்கொடியில் ஆறு அடுக்குத் திசுக்கள் தடுப்பாக நிற்கின்றன. குளுக்கோஸ் போன்ற சிறிய மூலக்கூறுகள் கடக்கும். எதிர்ப்பொருள் போன்ற பெரிய புரத மூலக்கூறுகள் கடப்பதில்லை.

அதனால் அவை வேறு வழியில் போகின்றன. பிரசவத்துக்கு முந்திய நாட்களில், தாயின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்கள் மடிக்குச் சென்று சீம்பாலில் சேருகின்றன. அந்த வேளையில் இரத்தத்தில் இவ்வகைப் புரதங்கள் குறைவது இயல்பு. அது மடிக்கு மாற்றப்பட்ட சொத்து. பிறந்த முதல் நாளில் மட்டுமே கன்றின் குடல் அந்தப் பெரிய மூலக்கூறுகளை அப்படியே உள்ளே விடும். பிறகு கதவு மூடிக்கொள்ளும். சீம்பால் கிடைக்காத கன்று நோய்க்கு எளிதில் இரையாகிவிடுவது இதனால்தான்.

தாகத்தின் கணக்கு

இப்போது நீருக்கு வருவோம். 1953-54-ஆம் ஆண்டுகளில் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர், அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் என்னும் பாலைவனச் சோலையில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்த பிறகும் ஒட்டகம் நடமாடுவதை அவர் கண்டார். நீரை இழக்கும்போது ஒட்டகம் திசுக்களிலிருந்தும் குடலிலிருந்தும் மிகுதியாகவும், பிளாஸ்மாவிலிருந்து மிகக் குறைவாகவும் இழக்கிறது. ஆகவே இரத்தம் கூழாகக் கெட்டிப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தாகமுற்ற ஒட்டகம் பத்தே நிமிடங்களில் 100 லிட்டர் நீரைக் குடித்துவிடும். அந்த நீர் இரத்தத்தில் சேரும்போது, சவ்வூடு பரவலால் சிவப்பணுக்களுக்குள் நீர் புகுந்து அவை உப்பும். மற்ற விலங்குகளின் வட்டமான அணுக்கள் வெடித்துவிடக்கூடிய நிலையிலும், ஒட்டகத்தின் நீள்வட்ட அணுக்கள் இரு மடங்குக்கும் மேலாக உப்பித் தாங்கிக்கொள்கின்றன. இதனால் ஒரு முக்கியப் பாடம் பெறுகிறோம்: இரத்தத்தை எடுத்தது ஒட்டகம் நீர் குடிக்கும் முன்பா, பின்பா என்று தெரியாமல் எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

புதிருக்கு விடை

இப்போது நம் சினை ஒட்டகத்துக்குத் திரும்புவோம். 48 லிட்டர் இரத்தம், 5280 கிராம் ஹீமோகுளோபின். மழை பொய்த்து, குட்டை வற்றி, அது பல நாட்கள் நீரின்றி நடந்தது. இரத்தத்திலிருந்து 4 லிட்டர் நீர் போய்விட்டது; எஞ்சியது 44 லிட்டர். 5280-ஐ 44-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 120! அதாவது 100 மில்லிலிட்டருக்கு 12 கிராம்.

சினை இரத்தத்தை நீர்க்கச் செய்தது. தாகம் அதைக் கெட்டியாக்கியது. ஒன்றுக்கொன்று எதிரான இரு மாற்றங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. அறிக்கை "எல்லாம் சரி" என்றது. ஒட்டகம் பிளாஸ்மாவைக் கடைசி வரை காப்பாற்றும் விலங்கு என்பதை இங்கே மறக்கக் கூடாது. பிளாஸ்மாவிலேயே 4 லிட்டர் குறைந்திருக்கிறது என்றால், உடலின் பிற பகுதிகளிலிருந்து அதைப்போலப் பல மடங்கு நீர் போயிருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? சோடியத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். சினையில் பிளாஸ்மா பெருகும்போது நீரும் உப்பும் சேர்ந்தே கூடுகின்றன. ஆகவே சோடியத்தின் செறிவு பெரிதாக மாறாது. தாகத்திலோ நீர் போகிறது, உப்பின் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது. சோடியத்தின் செறிவு ஏறிவிடும். ஹீமோகுளோபின் மறைத்ததைச் சோடியம் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு தெரியாத எண்களைக் காண இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று இயற்கணித வகுப்பில் படிக்கிறோம். இங்கே நடப்பதும் அதுவே. சினை, தாகம் என்று தெரியாதவை இரண்டு. ஓர் எண்ணைக் கொண்டு இரண்டையும் கண்டுவிட முடியாது.

இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும்?

2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 4 இலட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2.5 இலட்சமாக இறங்கிவிட்டது. வண்டியிழுக்கவும் ஏற்றம் இறைக்கவும் எந்திரங்கள் வந்துவிட்டன; மேய்ச்சல் நிலங்களும் சுருங்கிவிட்டன. இராஜஸ்தான் அரசு 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. பீகானேரில் 1984-இல் தொடங்கப்பட்ட ஒட்டக ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து பணியாற்றி வருகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கன்று ஈனும் விலங்கில், ஒரு கன்றை இழப்பது இரண்டு ஆண்டுகளை இழப்பதாகும். நலமான சினை ஒட்டகத்தை நோயாளி என்று எண்ணி வேண்டாத மருந்து கொடுத்தாலும் இழப்பு. வாடும் ஒட்டகத்தை நலம் என்று விட்டுவிட்டாலும் இழப்பு. சினை ஒட்டகத்தின் அளவுகளை ஆண் ஒட்டகத்தோடோ சினையில்லாத ஒட்டகத்தோடோ ஒப்பிடாமல், அதே மாதச் சினையில் இருக்கும் நலமான ஒட்டகங்களோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனி எங்கேனும் ஓர் அளவைப் படிக்கும்போது, அது இரத்த அறிக்கையாக இருந்தாலும் சரி, ஆற்று நீரில் கலந்த உப்பின் அளவாக இருந்தாலும் சரி, உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "எத்தனை லிட்டரில்?"

முடிவாக உங்களுக்கு ஒரு கணக்கு. நம் சினை ஒட்டகம் தாகம் தீர நீர் குடித்தது. அதன் இரத்தம் 44 லிட்டரிலிருந்து 50 லிட்டராக உயர்ந்தது என்று கொள்ளுங்கள். ஹீமோகுளோபினின் செறிவு இப்போது எவ்வளவு? அந்த எண்ணை மட்டும் பார்க்கும் ஒருவர் என்ன தவறு செய்யக்கூடும்? விடையை உங்கள் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.